மூன்று சைலென்சரும் என் வீட்டுக்காரர் காதும்

என் வீட்டுக்காரருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்பது ஹைதராபாத் குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் எங்கள் பிளாக் முழுக்கத் தெரியும். தெரியாதவர் அவர் ஒருவர்தான். பட்டான்செருவில் ஒரு மருந்து கம்பெனியில் கம்ப்ரசர்களுக்குப் பக்கத்திலேயே நின்று உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவர். அந்த மெஷின்கள் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டன. அவரைக் கேட்டால், "நீங்க எல்லாருந்தான் இப்பல்லாம் வாய்க்குள்ளயே பேசுதீங்க" என்பார். நான் கணக்கு டீச்சர். நான் வாய்ப்பாடு சொன்னால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து சொல்லும். நான் வாய்க்குள் பேசுகிறேன் என்று சொன்ன ஒரே ஆள் இவர்தான்.

எதைச் சொன்னாலும் "ஆமா, ஆமா" என்பார். கேஸ் தீர்ந்துவிட்டது என்றாலும் ஆமா. உங்கள் தங்கச்சி போன் பண்ணினாள் என்றாலும் ஆமா. காது டாக்டரிடம் போகலாம் என்று சில வருஷமாகக் கெஞ்சியிருக்கிறேன், திட்டியிருக்கிறேன், சாப்பிடாமலும் இருந்து பார்த்திருக்கிறேன். நான் சாப்பிடாததை அவர் கவனிக்கவில்லை. "காது மெஷினா? நக்கோ, வேண்டாம். அதெல்லாம் வயசானவங்களுக்கு" என்பார். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. எங்கள் மகள் ஒரு தடவை அவரைக் கையோடு டாக்டரிடம் கூட்டிப் போனாள். இவள் டோக்கன் வாங்கித் திரும்புவதற்குள் மனுசன் எதிர்க் கடையில் சாயா குடித்துக்கொண்டிருந்தார். "வதிலேய் மம்மீ" என்று தெலுங்கில் சொல்லிவிட்டாள். விட்டுத் தொலை என்று அர்த்தம். நாம் தமிழில் கேட்டால் அவளுக்குப் பதில் தெலுங்கில்தான் வரும்.

எனக்கு விட மனசில்லை. நாங்கள் இரண்டு பேரும் செகந்திராபாத்தில் ஒரே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். என் அப்பா ரயில்வே. வீடு மெட்டுகுடா குவார்ட்டர்ஸ். இவர் கோயில் பாட்டுக் குழுவில், கொயரில், கடைசி வரிசையில் நின்று பேஸ் என்கிற கனத்த கீழ்க்குரலில் பாடுவார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் கல்யாணத்துக்குத் தலையாட்டினேன், வேறு ஒன்றையும் பார்க்கவில்லை. காது மந்தமான பிறகு பாடுவதை நிறுத்திவிட்டார். புது ஆர்கன் சுருதி சேரவில்லையாம். கொயரில் மற்ற எல்லாருக்கும் சேர்ந்துதான் இருந்தது. நான் பெண்கள் பக்கம் நின்று பாடும்போது அந்தக் கடைசி வரிசையைப் பார்க்காமல் இருக்க முடியாது, பார்த்தால் பாட முடியாது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நான் சொல்வது இந்த மனுசன் காதில் விழ வேண்டும். விழவில்லை என்றதும் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. அவர் எதிரிலேயே நின்று மெல்லிய குரலில் திட்டுவேன். தோசை ஊற்றிக்கொண்டே திட்டுவேன், துணி மடித்துக்கொண்டே திட்டுவேன். சில நாள் திட்டாமல் வேறு ஏதாவது சொல்வேன், ஒரு பெண்சாதி புருஷனிடம் சொல்வது. அதற்கும் அவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டு இருப்பார்.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு கார். சிவப்பு நிறம், இரண்டு கதவு, இரண்டு சீட்டு, மேல்கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். நம் நாட்டிலேயே கொஞ்ச காலம் செய்துவிட்டுப் பிறகு நிறுத்திவிட்ட ஸ்போர்ட்ஸ் கார். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பழசாக வாங்கி வந்தார். மூன்று பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு சீட்டு கார் வாங்குகிற மூளையை என்ன சொல்வது? அன்று முதல் அந்தக் காரைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை.

போன மழைக்காலத்தில் அதன் சைலென்சர் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. ஒரிஜினல் எங்கேயும் கிடைக்காது. வெளியே செய்து விற்பதைத்தான் தேடிப் போட வேண்டும். இவருக்கு அதில் துக்கம் எதுவும் இல்லை, பண்டிகை வந்த மாதிரி ஆகிவிட்டது. எந்தக் காருக்கு எந்த சைலென்சர் போட்டால் என்ன சத்தம் வரும் என்று போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார், வால்யூம் முழுசாக வைத்து. சமையலறையில் நிற்கும் எனக்கு ஹாலுக்குள் லாரி வந்துவிட்டதோ என்று இருக்கும். சாப்பிடும்போது எங்களுக்குப் பாடம் வேறு. உள்ளே தடுப்பே இல்லாத நேர் குழாய் என்றால் சத்தம் சிங்கம் மாதிரி இருக்குமாம், போலீஸ் பிடிக்குமாம். தடுப்பு கூடக் கூட சத்தம் அடங்குமாம். இவருக்குச் சிங்கம்தான் வேண்டும். "கேக்காத காதுக்குச் சிங்கம் ஒண்ணுதான் குறைச்சல்" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னேன். "ஆமா, ஆமா" என்றார். மகளுக்குப் புரையேறிவிட்டது.

ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், வெல்டிங் பட்டறையும் டீக்கடையும் பக்கத்தில் பக்கத்தில். கடைக்காரர் வாய்ச் சமர்த்து உள்ள ஆள். ஒரே வாக்கியத்தில் தெலுங்கும் இந்தியும் இங்கிலீஷும் பேசுவார். நான் தமிழில் சொல்கிறேன். எங்கள் காருக்குப் பொருந்தும் மூன்று சைலென்சரை எடுத்து வைத்திருந்தார். ஒன்று இவர் கனவு கண்ட நேர் குழாய். வாய்க்குள் ஒரு சொம்பை வைத்துவிடலாம். இரண்டாவது பளபளவென்று ஸ்டீல். மூன்றாவது பார்க்க ஒன்றுமில்லை, குட்டையாக, தொப்பையும் தொந்தியுமாக இருந்தது. தற்காலிகமாக கிளாம்ப் போட்டு ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டுகிறேன், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றார்.

முதலாவதை மாட்டி ஆக்சிலேட்டரை மிதித்தார். டீக்கடையில் இருந்தவர்கள் மொத்தமும் திரும்பினார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டேன். இவர், "நல்லா இருக்குல்லா" என்றார். இரண்டாவதற்கும் "இதுவும் நல்லா இருக்குல்லா" என்றார். அப்போதுதான் கவனித்தேன். அவர் காரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்க்கிறார், உடனே கடைக்காரர் முகத்தைப் பார்க்கிறார். பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்க்கிற பிள்ளையின் முகம் எனக்குத் தெரியாதா? எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன்.

கடைக்காரர் மூன்றாவதை மாட்டிவிட்டு, சாவியைத் திருப்பி, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றார். இவரும் நின்றார். கொஞ்ச நேரம் ஆனது.

"சரி, ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "சாலூ ஹை சார்" என்றார் மெதுவாக, பிறகு கொஞ்சம் பலமாக. ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இவர் போய் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். அது அதிர்ந்துகொண்டிருந்தது. கையை எடுக்காமல் அப்படியே நின்று, "ஓ" என்றார். "நான் சொன்னேன்லா" என்று சொல்வதற்காக இத்தனை வருஷம் காத்திருந்தவள் நான். சொல்ல முடியவில்லை.

ஒன்றும் மாட்டாமல் ஓட்டை சைலென்சரோடு வீட்டுக்கு வந்தோம். மறுநாள் கோயிலுக்குப் போய்வந்து காபி குடிக்கும்போது, "ஏட்டி, அந்தக் காது டாக்டர் திங்கக்கிழமை இருப்பாரா?" என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம். "நான் கெஞ்சினேன், போகல. பெத்த பிள்ளை கெஞ்சினா, போகல. கொயர்ல எல்லாரும் கூப்பிட்டாங்க, போகல. ஒரு சைலென்சருக்காகப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா, ஆமா" என்றார். இது எந்த ஆமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மெஷின் வந்தது. காதுக்குப் பின்னால் மொச்சைக்கொட்டை அளவு இருந்தது, இதற்குத்தான் இத்தனை பாடு. முதல் நாள் வீடெல்லாம் சுற்றினார். "ஃபேன் இப்படியா கத்தும்?" என்றார். கடுகு பொரிகிற சத்தத்துக்கு எழுந்து வந்து வாணலியை எட்டிப் பார்த்தார். பிறகு நான் ஏதோ சொன்னதற்கு முகத்தைச் சுளித்து, "ஏட்டி, எதுக்கு இப்படிக் கத்துத? பக்கத்துலதானே நிக்கேன்" என்றார். கரண்டியால் ஒன்று போடுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சிரிப்புதான் முந்திக்கொண்டது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகுதான் இனிமேல் இவர் எதிரில் திட்ட முடியாது என்பது உறைத்தது. அந்த வாரம் முழுக்க உதட்டைக் கடித்துக்கொண்டு தோசை ஊற்றினேன்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அதே கடை. கடைக்காரர் முதலாவதை மாட்டி மிதித்தார். இவர் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தார். "இதையா நான் நல்லா இருக்குன்னேன்?"

"ஹவ் சார்" என்று கடைக்காரர் சிரித்தார். அவர் பாஷையில் அதுதான் ஆமா.

நின்று கேட்டால் போதாது, ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார் இவர். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "நீ எதாவது பேசிட்டே வா."

"என்ன பேச?"

"எப்பவும் பேசுறதுதான்."

காது மெஷினைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். முதல் ரவுண்டில் பதினேழாம் வாய்ப்பாட்டைக் கத்திச் சொன்னேன். ரோட்டில் போன ஆட்டோக்காரருக்குக் கேட்டிருக்கும், இவருக்குக் கேட்கவில்லை. இரண்டாவதில், மெதுவாகப் போகும்வரை பாதகமில்லை. ஃப்ளைஓவரில் ஏறி வேகம் பிடித்ததும் சீட்டுக்கு அடியில் குளவிக்கூடு இருப்பதுபோல ஒரே ரீங்காரம். என் பேச்சு அதில் மூழ்கிவிட்டது. இவர் காதைத் தொட்டுத் தலையை ஆட்டினார். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கல்யாணமான புதிதில்கூட இவர் என்னை இப்படி உட்கார வைத்துப் பேசச் சொன்னதில்லை.

மூன்றாவது ரவுண்டு. தூறல் விழுந்ததால் கூரையை மூடியிருந்தோம். காய்கறி விலை சொன்னேன், ஹெட்மிஸ்ட்ரஸைப் பற்றிச் சொன்னேன், மகளுக்கு வந்த வரனைச் சொன்னேன். கார் தன் பாட்டுக்கு மெல்ல முனகிக்கொண்டு போனது, மிதித்தால் மட்டும் ஒரு நல்ல கனத்த குரல் கொடுத்தது. எனக்குச் சொல்ல விஷயம் தீர்ந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பழக்கதோஷம், அடுப்படியில் முணுமுணுப்பதுபோல வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது. "சைலென்சருக்கெல்லாம் இப்படிக் காது குடுக்கிற மனுசன், கொயர்ல வந்து நின்னு ஒரு பாட்டுப் பாட மாட்டேங்காரு. அந்தக் கடைசி வரிசையப் பாத்துப் பாத்து எனக்கு..."

சிக்னல் விழுந்தது. கார் நின்றது.

"பாத்துப் பாத்து உனக்கு என்ன?" என்றார்.

எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது. அவர் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லு. உனக்கு என்ன?"

"ஒண்ணுமே பிடிக்கல" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு சின்னக் குரல்.

"ஞாயித்துக்கிழமை கொயருக்கு வாரேன்" என்றார்.

பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். அதுவும் அவருக்குக் கேட்டு, கியரைப் போட்டார். கடை வரும்வரை நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தேன்.

காரை விட்டு இறங்கியதும், இந்தத் தொப்பைக்காரனையே வெல்டு பண்ணிவிடுங்கள் என்றார் இவர். கடைக்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. இது ஸ்கூல் வேன் மாதிரி இருக்கிறது சார், ஸ்போர்ட்ஸ் காருக்கு அழகா, நீங்கள் ஆசைப்பட்டது முதலாவதைத்தானே, அதில் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டார்.

"அதுல இவ பேசுறது கேக்கல" என்றார் என் வீட்டுக்காரர், கடை முழுக்கக் கேட்கும்படி.