அக்காவுக்காக இறக்கிய சாமி மேடை

எங்கள் அன்புக்குரிய அக்கா, டத்தோ கிராமாட் வட்டாரத்தில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே கண்மூடினார். அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால் படிப்பை விட்டு, பிறை என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். அண்ணனையும் என்னையும் ஆளாக்கியது அவருடைய உழைப்புதான். தமக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை.

"அக்கா ஒருநாளும் வலின்னு சொன்னதில்ல," என்று துக்கத்துக்கு வந்தவர்கள் புகழ்ந்தார்கள். முதுகு வலிக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐம்பதைத் தாண்டியபின் அக்கா குள்ளமாகிக்கொண்டே வந்தார். சுவரில் அடித்திருந்த சாமி மேடையில் விளக்கேற்ற எட்டாமல், முக்காலி போட்டு ஏறினார். அதைப் பார்த்துப் பதறிய அண்ணன், ட்ரில் எடுத்து வந்து மேடையை ஒரு சாண் கீழே இறக்கி மாட்டினார். சில வருடங்களில் மறுபடியும் எட்டவில்லை. மறுபடியும் இறக்கினார். வந்தவர்கள் எல்லாம் அண்ணனின் பாசத்தை மெச்சினார்கள். ஒரு பெண் இப்படிச் சுருங்குவானேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு குளியலறையில் லேசாக வழுக்கியதற்கே அக்காவின் மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டுப் போட்ட தாதி, முதுகு வலியும் உயரம் குறைவதும் எலும்பு மெலிவதால் இருக்கலாம் என்று, எலும்பின் அடர்த்தியை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொன்னார். கட்டுப் பிரித்ததும் நான் அதை அண்ணனிடம் சொன்னேன்.

"கைதான் கூடிடுச்சே. வயசானா அப்படித்தான்லா. சும்மா இருக்கிற உடம்பப் போய்க் கிளறாதே," என்றார் அண்ணன்.

"வேணாம்மா, நீ எதுக்கு லீவு போட்டு அலையற?" என்றார் அக்கா.

சற்று நேரம் அசையாமல் படுத்திருந்தால் முடிகிற பரிசோதனை அது. எலும்பைக் காக்க மருந்தும் இருந்தது. எங்கள் வீட்டில் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

சென்ற ஆண்டு, விளக்கேற்றிவிட்டுத் திரும்பும்போது அக்கா இடறி விழுந்தார். இடுப்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நடந்தும் அவர் எழுந்து நடக்கவில்லை. படுத்த படுக்கையில் சளி பிடித்து, காய்ச்சல் கண்டு, போய்விட்டார்.

முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், அக்காவைக் குளிப்பாட்டிய அவருடைய தொழிற்சாலைத் தோழிகளுக்கும், அன்றே எச்சரித்த அந்தத் தாதிக்கும் எங்கள் நன்றி. அண்ணனுக்கும் நன்றி. பாசத்தில் அவர் குறை வைக்கவில்லை.

இந்த முதலாண்டுத் திதிக்காக வீட்டைச் சுத்தம் செய்தபோது, மேடையைப் பழைய இடத்துக்கே ஏற்றிவிடலாம் என்று அண்ணன் ட்ரில்லோடு வந்தார். "அண்ணே, அதத் தொடாதீங்க," என்றேன். அவர் ட்ரில்லைக் கீழே வைத்தார்.

அதனால் இன்று வந்திருக்கும் நீங்கள் எல்லாரும் குனிந்துதான் கும்பிட வேண்டியிருக்கும். உங்கள் வீட்டிலும் ஓர் அக்கா இருந்தால், குனியும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அக்கா கடைசியில் அந்த உயரம்தான் இருந்தார்.