மூன்றாவது பிள்ளைக்காக இறக்கிய சர்க்கரை

என் முதல் இரண்டு பிள்ளைகளும் இறந்தே பிறந்தார்கள். இரண்டும் ஆண். இரண்டும் நல்ல கனம். இரண்டாவது பிள்ளையைத் துணியில் சுற்றும்போது, பிரசவம் பார்த்த மலாய்க்கார அம்மாள் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, மூன்று மாதப் பிள்ளை மாதிரி இருக்கிறானே என்று அவள் பாஷையில் முணுமுணுத்தாள். கீழ்வீட்டு அக்கா கதவோரம் நின்று, கண்ணூறுதான் என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

நாங்கள் அப்போது மலாய் நாட்டுத் துறைமுகப் பட்டணம் ஒன்றில், குயின் ஸ்திரீட்டை ஒட்டிய ஒரு சந்தில், ஜவுளிக்கடை ஒன்றின் மாடியில் குடியிருந்தோம். கீழ்வீட்டு அக்கா குடும்பம் கடையின் பின்கட்டில் இருந்தது. என் கணவர் துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் கணக்கு எழுதும் கிராணி. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊருக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம். அவருக்கு வேலை போகவில்லை. அதுவே பெரிய காரியம் என்று இருந்தோம்.

எனக்கு எந்நேரமும் தாகம். ஒரு கூஜா தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்ததற்கு எழுந்து போவேன். கால் விரலிடுக்கில் வந்த சின்னப் புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. அந்தப் புண்ணுக்குத்தான் அவர் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வெள்ளைக்கார டாக்டரம்மா புண்ணைப் பார்த்தார். பிறகு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். என் கணவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. டாக்டரம்மா நிறையப் பேசினார். என் கணவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க சொல்றாங்க?"

"உனக்குச் சர்க்கரை வியாதியாம். ரத்தத்துல ரொம்ப இருக்காம். இந்த வியாதி உள்ளவங்களுக்குப் பிள்ளை அப்படித்தான் பெருசா வளருமாம். பொறக்கிறதுக்கு முன்னாலேயே..."

"அப்ப கண்ணூறு இல்லையா?"

"இல்ல." பிறகு, "இனிமே பிள்ளை வேணாம்னு சொல்றாங்க" என்றார்.

சர்க்கரை இறங்கினால் பெறலாமா என்று கேட்கச் சொன்னேன். அவர் தயங்கினார். கேளுங்கள் என்றேன். டாக்டரம்மா பேனாவை மூடித் திறந்துகொண்டு யோசித்தார். முதலில் இறங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அந்தப் 'பார்க்கலாம்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் வீடு வந்தேன்.

அன்று முதல் எங்கள் அடுப்படி மாறியது. சோறு ஒரு கைப்பிடி. மற்றதெல்லாம் கீரை, பாகற்காய், மீன். கிழங்கு இல்லை, பழம் இல்லை. இனிப்பு டின்பால் ஊற்றிய கோப்பி என்றால் எனக்கு உயிர், அதையும் விட்டேன். அவரும் கூடவே விட்டார். நீங்கள் ஏன் என்றதற்கு, "ஒரே வீட்டுல ரெண்டு கோப்பி எதுக்கு லா" என்று சொல்லிவிட்டார். தீபாவளிக்கு அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க அதிரசம் சுட்டேன். பாகின் பதத்தை நாக்கில் வைத்துப் பார்க்காமல், விரலில் தொட்டு இழுத்துப் பார்த்தே இறக்கினேன்.

தினமும் நடக்க வேண்டும் என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். குடும்பப் பெண் காரணமில்லாமல் வீதியில் நடப்பது அந்த நாளில் வழக்கமில்லை. அதனால் கையில் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவேன். பார்ப்பவர்கள் பாசாருக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். வெள்ளைக்காரன் கட்டிய பழைய கோட்டையைத் தாண்டிக் கடலோரமாகப் போய், வெயில் ஏறுமுன் திரும்புவேன். கூடை பெரும்பாலும் வெறுமையாகவே வரும். கீழ்வீட்டு அக்கா மட்டும் ஒரு நாள், "தெனம் போறே, ஒரு கத்திரிக்காகூட வாங்கி வர்றதில்லையே தங்கச்சி" என்று கேட்டார். சொன்னேன். அதன்பிறகு அவரும் சில நாள் என்னோடு வந்தார்.

வீட்டிலேயே பார்க்க ஒரு நீல மருந்து கொடுத்திருந்தார்கள். கண்ணாடிக் குழாயில் அதை ஊற்றி, சில சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் அப்படியே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, பிறகு மஞ்சள். நிறைய இருந்தால் செங்கல் நிறம். ஆரம்பத்தில் எனக்குச் செங்கல்தான். அவர் வேலைக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இன்னைக்கு என்ன?" என்பார். "செங்கல்" என்பேன். அப்படியே படியிறங்கிப் போவார். மஞ்சள் வந்த அன்று படியில் நின்று திரும்பிப் பார்த்தார். பச்சை வர மழைக்காலம் முழுவதும் ஆனது.

மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுத்து வருவேன். முடிவு வருகிற வாரம் முழுவதும் எனக்குத் தூக்கம் பிடிக்காது. ஒரு மாதம் இறங்கும். மறுமாதம், ஒன்றும் தின்னாமலே, ஏறி நிற்கும். அப்போதெல்லாம் டாக்டரம்மா என்னைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்ப்பதாகத் தோன்றும். ஆனாலும் மொத்தத்தில் இறங்கிக்கொண்டே வந்தது. கால் புண் ஆறியது. ஒரு நாள் குழாய் நீலமாகவே நின்றது. மறுபடி கொதிக்க வைத்துப் பார்த்தேன். நீலம்தான்.

அடுத்த வருஷம் நான் மறுபடி உண்டானேன். டாக்டரம்மா திட்டவில்லை. ஜாக்கிரதை என்று மட்டும் சொன்னார். ஆறு மாதம் வரை எல்லாம் சரியாகப் போனது. அதற்குப் பிறகு, நான் எதையும் மாற்றாமலே, குழாய் மஞ்சளுக்குத் திரும்பியது. சோற்றை அறவே நிறுத்தினேன். அப்போதும் மஞ்சள். என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்து, சர்க்கரையை இறக்க ஊசி மருந்து போட்டார்கள். படுக்கையில் இருந்தபடி வயிற்றைத் தொட்டுக்கொண்டே இருப்பேன். பிள்ளை அசைந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

நாள் நிறையுமுன்னே ஆயுதம் போட்டு எடுத்தார்கள். பிள்ளை அழுதது. அதுவரை என் பிள்ளைகளில் ஒன்றின் குரலையும் நான் கேட்டதில்லை. பெண் என்றார்கள். நர்ஸ் கொண்டுவந்து காட்டினாள். கன்னமும் கையும் உருண்டு, பெரிதாக இருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு இரண்டாவது பிள்ளையின் கனம் நினைவுக்கு வந்தது. வேறொருத்தியாக இருந்தால் பூரித்திருப்பாள்.

சாயங்காலம் என் கணவர் வந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். "மூக்கு உன்னோடது" என்றார். அவள் மூச்சு வேகமாக, ஒழுங்கில்லாமல் வந்துகொண்டிருந்தது. நர்ஸ் வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் டாக்டரம்மா தானே என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. மொழிபெயர்க்க அப்போது ஆளும் இல்லை. தேவையும் இருக்கவில்லை. பிள்ளையை என் கணவர் வாங்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தார். எந்தத் துணியில் சுற்றினார்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

நான் வீட்டுக்கு வந்த பின் கடைசியாக ஒரு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். முடிவு வாங்க அவரே போனார். திரும்பி வரும்போது கையில், கயிறு கட்டிய காலிப் பால் டின்னில் கடைக் கோப்பி வாங்கி வந்திருந்தார்.

"நல்லா இறங்கியிருக்காம். இவ்வளவு நல்லா எப்பவும் வந்ததில்லையாம். டாக்டரம்மா சந்தோஷப்பட்டாங்க."

"பிள்ளை போன பிறகா?"

அவர் கோப்பியை இரண்டு கிளாசில் ஊற்றினார். டின்பால் வாசனை அறை முழுவதும் பரவியது. "ஒரு வாய் குடி. ஒன்னும் ஆயிடாது" என்றார். நான் ஒரு வாய் குடித்தேன். அவர் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். முதுகு குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் அவர் அழுகிறார் என்று தெரிந்தது. மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அதற்குப் பிறகு நாங்கள் பிள்ளைக்கு ஆசைப்படவில்லை. ஆனால் அந்தச் சாப்பாட்டையும் நடையையும் நான் விடவில்லை, பழகிப்போயிருந்தது. எனக்குப் பின் இந்த வியாதி வந்த எத்தனையோ பேருக்குக் கண் போயிற்று, கால் போயிற்று. எனக்கு இரண்டும் இருக்கின்றன. நீங்கள் கொடுத்துவைத்தவர் என்கிறார்கள். அவளுக்காக இறக்கிய சர்க்கரையில் நான் பிழைத்துக் கிடக்கிறேன் என்று அவர்களிடம் சொல்வதில்லை. ஆமாம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.