பட்டு அலமாரியில் ஷெர்ரி

என் மகள் ஸ்பெயினில் என்ன வேலை செய்கிறாள் என்று தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் திராட்சை ஜூஸ் கம்பெனி என்று சொல்லி வைத்திருந்தேன். பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் சொல்ல எங்கள் வீட்டில் இடமில்லை. என் வீட்டுக்காரர் பட்டுத் தறி நெய்கிறவர். ஒரு காலத்தில் குடித்துவிட்டுத் தறிக்குழியிலேயே விழுந்து கிடந்தவர். கோயிலில் சத்தியம் பண்ணிக் கையில் கயிறு கட்டிக்கொண்ட பிறகுதான் நிறுத்தினார். கயிறு நைந்துபோனால் தானே போய்ப் புதுசு கட்டிக்கொண்டு வருவார். அந்த மனுஷனுக்குப் பிறந்த பெண் ஓட்டல் படிப்புப் படித்து, கப்பலில் வேலை பார்த்து, போயும் போயும் ஒயின் கிடங்கில் போய்ச் சேர்ந்தால் நான் யாரிடம் சொல்லி அழுவது?

இந்த முறை லீவில் வந்தவள் ஷெர்ரி என்ற ஒயின் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். என் வேலையை நீங்கள் ஒருநாளாவது பார்க்க வேண்டாமா என்று சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்தாள். வாசனை எழும்பியதும் அவர் எழுந்து தறிக்குப் போய்விட்டார். அன்றைக்குத் தறிச் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

அவள் என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். ஷெர்ரியை ஹெரெஸ் என்ற ஊரைச் சுற்றி மட்டும்தான் செய்வார்களாம். கடலுக்குப் பக்கம், சுண்ணாம்பாய் வெளுத்த மண். அங்கே விளையும் வெள்ளைத் திராட்சையைப் பிழிந்து, இனிப்பு கொஞ்சமும் மிஞ்சாமல் புளிக்கவிட்டு, மேற்கொண்டு திராட்சைச் சாராயம் சேர்த்து வீரியம் ஏற்றுவார்கள். மரப்பீப்பாயை விளிம்புவரை நிரப்ப மாட்டார்கள். காலியாக விட்ட இடத்தில், ஆறின பாலில் ஆடை கட்டுகிற மாதிரி ஒயினின் மேல் வெள்ளையாக ஓர் ஏடு படரும். அது உயிருள்ள ஏடு. அதுதான் காற்றுப் படாமல் ஒயினைக் காப்பாற்றுகிறது. சாராயம் கொஞ்சம் கூடிப்போனால் ஏடு செத்துவிடும். அப்புறம் ஒயின் காற்றில் கிடந்து கருத்து வேறு சரக்காகிவிடும். அவள் கொண்டுவந்தது ஏட்டுக்கு அடியிலேயே வளர்ந்த வெளிர் ஜாதி.

அந்தக் கிடங்கின் தரை வெறும் மண்ணாம். வெயில் காலத்தில் தண்ணீர் தெளித்து ஈரம் காப்பார்களாம். பட்டு இழை அறுந்துபோகாமல் இருக்க நாங்களும் கோடையில் தறிக்குப் பக்கத்தில் ஈரச் சாக்குப் போடுகிறவர்கள்தான். பீப்பாய்களை வரிசை வரிசையாக அடுக்கி, அடிவரிசையிலிருந்து கொஞ்சம் மட்டும் விற்பனைக்கு எடுப்பார்கள். எடுத்த குறையை அதற்கு மேல்வரிசையிலிருந்து நிரப்புவார்கள். புது ஒயின் உச்சி வரிசையில் மட்டும்தான் சேரும். அடிப்பீப்பாயை ஒருநாளும் காலி பண்ணுவதில்லை. என்றைக்கோ செத்துப்போனவர்கள் ஊற்றிய ஒயினும் அதில் ஒரு சொட்டாவது இருக்கும் என்றாள். எனக்கு என் வேலை ஞாபகம் வந்தது. தறியில் நீளவாட்டு இழையான பாவு தீர்ந்ததும் பழைய இழைகளை உருவி எறியாமல், ஒவ்வொன்றின் முனையிலும் புது இழையை முறுக்கிச் சேர்க்கிறவள் நான். கேட்கக் கேட்க மனசு இளகியது. இளகியதற்காக என்மேலேயே கோபமும் வந்தது.

விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புத் தண்ணீரில் பாதாம் தோலைக் கசக்கிய மாதிரி இருந்தது. இதற்கா இத்தனை தலைமுறை மெனக்கெட்டார்கள் என்று கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒயின் பழசாகப் பழசாக நல்லது என்றுதானே ஊரே சொல்கிறது. பட்டோடு பட்டாக அதுவும் கிடக்கட்டும் என்று புடவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வீட்டில் பூட்டு உள்ள அலமாரி அது ஒன்றுதான். இந்த ஜாதி அப்படி வைத்திருக்க முடியாதது, திறந்துவிட்டால் சில நாளில் உயிர் போய்விடும் என்று அவள் வாதாடினாள். போகட்டும் என்றேன். என் கவலையெல்லாம் வேறு உயிரைப் பற்றி. புட்டியில் ஒயின் நின்ற மட்டத்தில் லேபிள்மேல் குங்குமத்தால் ஒரு புள்ளி வைத்தேன். குடிகாரன் பெண்டாட்டி மறக்காத வித்தை.

அடுத்த வாரம் புடவைகளை மடிப்பு மாற்றி வைக்கப் போனபோது, ஒயின் புள்ளிக்கு வெகு கீழே நின்றது.

என் முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவர் எப்போது எடுத்தார், எப்படி எடுத்தார் என்றுதான் மனசு ஓடியது. அவர் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தார். அந்தக் காலத்தில் செய்த மாதிரியே சத்தமில்லாமல் பக்கத்தில் போய்க் குனிந்து வாயை மோந்து பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்தார். கோபப்படவில்லை. வாயைத் திறந்து என் முகத்தில் நன்றாக ஊதினார். வெற்றிலை வாசனைதான் அடித்தது.

"என்னய மோந்து பாத்தது போதும்," என்றார். "பொண்ணப் போயி பாரு."

எனக்குப் புரியவில்லை.

"வந்த நாள்லேருந்து நானும் பாத்துகினுதான் இருக்கேன். எப்பப் பாரு ஏலக்கா மென்னுகினு இருக்கா. பெட்டியில கொண்டாந்த சரக்கு தீந்துபோயிருக்கும். அதான் அலமாரிக்கு வந்துட்டா."

நாக்கு அழுகிப்போகும் என்று அவரைத் திட்டினேன். பெண்பிள்ளை குடிப்பாள் என்று எங்கள் தெருவில் யாருக்கும் கனவில்கூடத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. புடவை பார்க்கிறேன் என்று அவள் கேட்டபோதெல்லாம் சாவியை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தவளே நான்தான். வீட்டில் ஒரே ஒரு ஆளைக் காவல் காத்துப் பழகிய கண் எனக்கு.

அவர் எழுந்து அவள் அறைக்குப் போனார். பின்னாலேயே நானும் போய் நிலைப்படியில் நின்றேன். அவள் கட்டிலில் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கீழே தரையில் உட்கார்ந்தார். புட்டியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வேலையில் ஒரு நாளைக்கு எத்தனை பீப்பாய் ருசி பார்க்க வேண்டியிருக்கும் என்று விசாரித்தார். நிறைய இருக்கும், ஆனால் யாரும் விழுங்குவதில்லை, துப்பிவிடுவோம் என்றாள். அவர் தலையாட்டினார்.

"காலைல மொத வாய் எப்போ?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"அம்மாவப் பாக்காத. என்னப் பாத்து சொல்லு."

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி, நைனா."

"கை நடுங்குமே?"

"அது நிக்கறதுக்குத்தான்."

"எனக்கும் அதுக்குத்தான்," என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் இதைச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மோந்து பார்ப்பதும், சண்டை போடுவதும், பூட்டி வைப்பதும்தான். அவள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். லீவு முடிந்து அவள் திரும்பிப் போனால் அதே கிடங்கு, அதே பீப்பாய். போகாதே என்று சொல்ல வாய் துடித்தது. அவர் கையைக் காட்டி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார், இருந்தேன். அவர் குடித்துச் சீரழிந்த வருஷங்களை நான் சபிக்காத நாளில்லை. அன்றைக்கு என் பெண்ணிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அந்த வருஷங்களிலிருந்துதான் வந்திருந்தார்.