ஆய்லர் காட்டிய வாசல்

என் வீட்டுக்காரர் தபால்காரர். போன தெருவிலேயே மறுபடியும் சைக்கிள் மிதிக்க நேர்ந்தால் மூக்குக்குமேல் கோபம் வரும். அந்தப் புலம்பலைக் கேட்டு என் காது புளித்துப்போனது. நான் கணக்கு டீச்சர். ஒருநாள் அவருடைய தெருக்களை எல்லாம் காகிதத்தில் வரைந்து பார்த்தேன்.

இதற்கு வழி சொன்னவர் ஆய்லர் என்ற பழைய கணித மேதை. ஒற்றைப்படை எண்ணிக்கையில் தெருக்கள் கூடும் முனைகள் இரண்டே இரண்டு இருந்தால், ஒன்றில் கிளம்பி மற்றதில் முடிக்கலாம். எந்தத் தெருவும் இரண்டாம் முறை வராது. இவருக்கும் சரியாக இரண்டு முனைதான். ஒன்று தபால் ஆபீஸ். இன்னொன்றைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு படத்தை நீட்டினேன்.

மறுநாள் மதியம் போன் வந்தது.

"ஒரு தெருகூட திரும்ப வரல, பிரமாதம்! ஆனா கடைசியா உங்க அம்மா வீட்டு வாசல்ல வந்து நிக்கிறேனே!"

எங்கள் கல்யாணத்தில் வந்த மனஸ்தாபத்துக்குப் பிறகு, தபாலைப் போட்டதும் அவர் நிற்காமல் பறக்கும் வாசல் அது.

"நான் என்னங்க பண்றது? ஆய்லர் கணக்கு அப்படி."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "உள்ள வாங்க மாப்பிள்ளை, டீ ஆறுது."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உண்மையைச் சொல்லு. அந்த ஆய்லர் உங்க அம்மா வழிச் சொந்தமா?"