குளிரில் வைத்த மட்டிக்குலை

ஃப்ரிட்ஜுக்குள் யாராவது வாழைப்பழத்தை வைத்திருந்தால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். எடுத்து வெளியே வைத்துவிட்டுத்தான் மறுவேலை. என் மருமகள் இதை மாமியார்க் கிறுக்குகளில் ஒன்று என்று விட்டுவிட்டாள். அவளுக்கு என் அத்தையைத் தெரியாது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கரமனையில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அப்பாவுக்குச் சாலைக் கடைவீதியில் மளிகைக்கடை. பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். திருவனந்தபுரத்துக்கு வந்து எத்தனை வருடம் ஆனாலும் சம்பந்தம் மட்டும் ஊர்க்காரர்களோடுதான் என்பது வீட்டுச் சட்டம். அந்தச் சட்டப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்க நாளாயிற்று. அத்தையின் தோழிகள் எல்லாம் இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளையாக வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். கடைசியில், எழுபதுகளின் தொடக்கத்தில், ஸ்ரீவராகத்தில் குடியிருந்த ஊர்க்காரக் குடும்பம் ஒன்றில் பேச்சு முடிந்தது. மாப்பிள்ளைக்கு அரசாங்க ஆபீசில் குமாஸ்தா வேலை. பெண் பார்க்க வந்த அன்று அவர் அத்தையிடம், "காப்பி கொள்ளாம்" என்றார், காப்பி நன்றாக இருக்கிறது என்று மலையாளத்தில். அவ்வளவுதான் பேசினார். அதை வைத்துக்கொண்டே அத்தை பல நாள் சந்தோஷமாக இருந்தாள். எனக்குச் சடை பின்னும்போது பாதியில் கையை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துச் சிரிப்பாள். நான் ஒரு பக்கம் பின்னி மறுபக்கம் பின்னாத தலையோடு பள்ளிக்கூடம் போவேன்.

எங்கள் ஆட்களில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்துக்குப் பெண் வீட்டார் மட்டிக்குலை வைக்கவேண்டும். மட்டி எங்கள் ஊர் வாழைப்பழம். விரல் நீளம்தான் இருக்கும், தோல் மெல்லிசு, மணம் தெருவரை வரும். மாப்பிள்ளையின் அம்மா சபையில் உட்கார்ந்து ஒரு பழத்தை உரித்து, பாதியைப் பெண்ணுக்குக் கொடுத்து, மறுபாதியைத் தான் தின்பாள். தின்றுவிட்டால் அவள் அவர்கள் வீட்டுப் பெண். அப்பா சொல்லியனுப்ப, ஊரிலிருந்து பச்சைக்குலைகள் பஸ்ஸின் தலையில் ஏறி வந்து சேர்ந்தன. வந்த அன்றே மாப்பிள்ளையின் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் கழிந்துதான் நிச்சயம் என்று ஆளனுப்பினார்கள்.

குலைகளை விற்றுவிட்டுப் பிறகு வேறு வரவழைக்கலாம் என்றார் அப்பா. அதோடு முடிந்திருக்கவேண்டிய காரியம். ஆனால் எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார்.

சித்தப்பாவுக்கு வலியதுறைப் பக்கம் ஒரு மீன் குளிர்சாலையில் கணக்கு எழுதுகிற வேலை. ஐஸைப் பற்றி உலகத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்கிற தோரணை. மீன் வைக்கிற அறைகள் போக, பெரிய ஹோட்டல்காரர்களின் காய்கனிக்கென்று தனியாக ஓர் அறை அங்கே இருந்தது.

"குலைய அந்த ரூமுல வச்சிருவோம். வெளிநாட்டுல இதாக்கும் வழக்கம் அண்ணே. காஷ்மீர் ஆப்பிள் அங்க மாசக்கணக்குல இருக்கு, ஒரு கொழப்பமும் இல்ல. ஆப்பிளுக்கு ஆவும்னா வாழைக்கு ஆவாதா?" என்றார்.

"மீன் நாத்தம் அடிக்காதா?" என்று அம்மா கேட்டாள்.

"அது வேற ரூமு மைனி. நீங்க சும்மா இரிங்க."

அம்மா சும்மா இருந்தாள். எங்கள் வீட்டில் பெண்கள் அதற்கு நன்றாகப் பழகியிருந்தார்கள்.

ஒரு நாள் என்னையும் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போய்க் காட்டினார். சுவரே திறப்பதுபோலக் கனமான ஒரு கதவு திறந்தது. உள்ளே காலடியில் வெள்ளைப் புகையாகக் குளிர். வைக்கோலுக்குள் ஆப்பிள், பெட்டிபெட்டியாகக் காரட், ஓரத்தில் சாக்கு விரித்து எங்கள் குலைகள். எனக்குப் பல் கிட்டியது. வந்த அன்று இருந்த பச்சை அப்படியே இருந்தது. சித்தப்பா ஒரு காயைத் தடவிக்கொடுத்து, "பாத்தியா மக்களே, எப்படி உறங்குகு!" என்றார். நான் வீட்டுக்கு வந்து அத்தையிடம் அதை அப்படியே சொன்னேன். அவள் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

நிச்சயத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது குலைகள் வீட்டுக்கு வந்தன. வழக்கம்போலப் பின்னறையில் அடுக்கி, சட்டியில் உமி போட்டுப் புகையவிட்டு, கதவிடுக்கைச் சாக்கால் அடைத்தார்கள். இடையில் திறந்தால் புகை போய்விடும், பழம் ஒன்றுபோலப் பழுக்காது. அதனால் நிச்சயத்தன்று காலையில்தான் திறப்பது முறை. திறந்தபோது மணம் வரவில்லை. குலைகள் மஞ்சளாகவும் இல்லை, பச்சையாகவும் இல்லை. அடுப்புச் சாம்பலைக் குழைத்துப் பூசினதுபோல ஒரு கறுப்பு.

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "இத சபையில வைக்காண்டாம். கடையில கிடைக்கத வாங்கிட்டு வாங்க" என்றாள். அப்பாவும் செருப்பைத் தேடினார். சித்தப்பா விடவில்லை. "தோலுதான் மைனி கறுத்திருக்கு, உள்ள தேனாட்டு இருக்கும். ஊர் மட்டின்னு சொல்லியாச்சு. சந்தைப் பழத்த வச்சா அவங்க என்ன நெனைப்பாவ?" அந்தக் கடைசிக் கேள்வி அப்பாவைக் கட்டிப்போட்டது. ஒரே ஒரு பழத்தை உரித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் தொடுமுன் நிச்சயக்குலையில் யாரும் கை வைக்கக்கூடாது. அந்த முறையை மட்டும் யாரும் மறக்கவில்லை.

அவர்கள் வந்தார்கள். அத்தை பாயில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு பழத்தை எடுத்து உரிக்கப் பார்த்தாள், தோல் வரவில்லை. நகத்தால் கீறிப் பிய்த்து, இரண்டாக ஒடித்தாள். உள்ளே மரக்கட்டைபோல இருந்தது, நடுவில் கறுப்புக் கறுப்பாக நரம்பு. பாதியை அத்தையிடம் நீட்டிவிட்டு மறுபாதியைக் கடித்தாள். கடித்ததை அப்படியே கைக்குட்டையில் துப்பினாள்.

"எங்க வீட்டுல எழவு விழுந்துதுன்னு பாத்துக் கறுத்த பழமா வச்சிருக்கியோ?" என்று கேட்டாள்.

எதற்கும் வாயை மூடாத சித்தப்பா உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை தன் பங்கை வாயில் போட்டு மென்றாள். நிதானமாக மென்று, கழுத்து நரம்பு புடைக்க விழுங்கினாள். விழுங்கிவிட்டு, முதல்முறையாக நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் எழுந்து தன் அம்மாவுக்குச் செருப்பை எடுத்துவைத்தார்.

வாழையும் மாவும் சூட்டில் பிறந்த ஜாதி, ஆப்பிள் தாங்குகிற குளிர் அவற்றைக் காயப்படுத்திவிடும் என்பது எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. உள்ளே இருக்கும்வரை காயம் கண்ணுக்குப் படாது. வெளியே எடுத்துச் சூடு பட்டபிறகுதான் கறுக்கும், பழுக்கவும் பழுக்காது. இந்தச் சின்ன விஷயம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பழத்தைக் கெடுத்தது குளிர், குளிரில் வைத்தது சித்தப்பா, பழி விழுந்தது அத்தையின் ஜாதகத்தில். "அவளுக்கு யோகம் இல்ல" என்று முதலில் சொன்னவரும் சித்தப்பாதான். அதன்பிறகு வந்த வரன்களிடம் இந்தக் கதை எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. சாகும்வரை அத்தை அவருக்குச் சோறு பரிமாறினாள். சீசனுக்குச் சீசன் அவர் அவளுக்கு அந்தக் குளிரறை ஆப்பிள் கொண்டுவந்து கொடுப்பார். அது ஒருநாளும் கெட்டிருந்ததில்லை. எனக்கு அவரை மன்னிக்கத் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் குலைகளைக் கொல்லையில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வீட்டில் அடுப்பு எரியவில்லை. அத்தை பின்னறையில் புகைச்சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பட்டுச்சேலையை மாற்றவில்லை, அழவும் இல்லை. மாப்பிள்ளையின் அம்மா துப்பிய பழத்தை அவள் ஒருத்திதான் துப்பாமல் தின்றாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று என்று நினைத்தேன். கொல்லைக் குவியலில் தேடி, இருப்பதில் நல்லதாக ஒன்றைப் பாவாடையில் துடைத்துக் கொண்டுபோனேன்.

"அத்தே, உனக்குன்னு எடுத்து வச்சேன்."

அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அதுவரை அழாதவள் அப்போது அழ ஆரம்பித்தாள். ஒன்று போதவில்லைபோல என்று நினைத்து, இன்னொன்று எடுத்து வரக் கொல்லைக்கு ஓடினேன்.