நாட்றம்பள்ளி வரை ஒரு மூக்கு

இன்று தோல் பதனிடும் ஷெட்டில் வேலை முடிந்து ஆம்பூரில் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் ஏறினேன்.

பக்கத்து சீட்டுக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "கண்டக்டர், இந்தாளைப் பின்னாடி அனுப்புப்பா. நாத்தம் தாங்கல."

"டிக்கெட் வாங்கிட்டேன். நகர மாட்டேன்," என்றேன்.

"உனக்கு மட்டும் எப்படிய்யா நாறல?"

"எந்த வாடையும் கொஞ்ச நேரத்துல மூக்குக்குப் பழகிடும் சார். நாட்றம்பள்ளி வரைக்கும் பாருங்க. அப்பவும் நாறினா நானே எறங்கிடறேன்."

நாட்றம்பள்ளி வருவதற்குள் துண்டு தோளுக்குப் போய்விட்டது. அவர் என்மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அங்கே ஏறிய ஒருவர் எங்கள் இருவரையும் பார்த்து முகம் சுளித்தார். "இன்னாய்யா நாத்தம்! ரெண்டு பேரும் பின்னாடி போங்க."

விழித்துக்கொண்டவர் சீறினார்: "டிக்கெட் வாங்கியிருக்கோம். நகர மாட்டோம்."

மூக்கு பழக எவ்வளவு நேரமாகும் என்று சந்தேகப்படும் நண்பர்கள் நாளை ஆம்பூரில் ஏறலாம். என் பக்கத்து சீட் எப்போதும் காலிதான்.