சந்திரமதியின் மோர்

தீவில் டெய்ரி ஃபார்ம் என்ற எங்கள் குடியிருப்பில் யாருக்கு வயிறு கெட்டாலும் கிண்ணத்தோடு சந்திரமதி வீட்டுக்குத்தான் வருவார்கள். பால் பவுடரைக் கரைத்து, அது தயிராகாமல் தண்ணீராய் நிற்பதைப் பார்த்துச் சலித்துப்போன வங்காளிகளும் தெலுங்கர்களும் அவர்களில் உண்டு. சிவகங்கையிலிருந்து கப்பலில் கொண்டுவந்த உறைமோரை அவள் கெடாமல் காப்பாற்றி வந்தாள். விளக்கு வைத்த பிறகு உறைமோர் தரமாட்டாள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் மட்டும் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தருவாள். அடுத்த வீட்டுக்காரர்களான எங்களுக்கு அவள் கைராசியில் அப்படி நம்பிக்கை. அவள் கணவர் குழந்தைவேலுவுக்கோ கேட்கவே வேண்டாம்.

அவர் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் சரக்கு இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. அறுபத்தெட்டாம் வருஷம், கோடையில், அவருக்கு மலத்தோடு ரத்தம் போனது.

"மூலச்சூடுங்க. வெயில்லயே நிக்கிறீகள்ல. மோரைக் குடிங்க, தணிஞ்சிரும்" என்றாள்.

தணிந்தும் விட்டது. மழைக்காலத்தில் மறுபடி வந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் கையுறை போட்டுச் சோதித்தார், முகம் மாறிவிட்டது.

"யே பவாசீர் நஹி ஹை. ஜல்தி மெயின்லேண்ட் ஜாவோ" என்றார். மூலமில்லை, சீக்கிரம் மெட்ராஸ் போய்க் காட்டு என்று அர்த்தம்.

கப்பலுக்கு டிக்கெட் எடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து ரத்தம் நின்று தொலைத்தது.

"பாத்தியா, உன் மோரு நிப்பாட்டிருச்சு. மெட்ராஸ் எதுக்குங்கிறேன்?" என்று குழந்தைவேலு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த நோய் விட்டுவிட்டுத்தான் ரத்தம் காட்டும். எங்களுக்கு அது தெரியாது, சரி. தெரிந்தவர் சொன்னதையாவது கேட்டிருக்கலாமே! இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. சந்திரமதிக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் தெருவே புகழும் மோரை அவளே எப்படிச் சந்தேகப்படுவாள்? இன்னும் ஒரு செம்பு கூடுதலாகக் கரைத்துக் கொடுத்தாள்.

தை பிறந்தபோது அவர் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொண்டது. பிறகுதான் கப்பல் ஏறினார்கள்.

மெட்ராஸில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். பெருங்குடலில் புற்று, ஈரலுக்கும் போய்விட்டது. முதலிலேயே வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம் என்று பெரிய டாக்டர் அவளைத் தனியே அழைத்துச் சொன்னார்.

சந்திரமதி கேட்டது ஒன்றுதான். "நான் குடுத்த மோரு கெடுத்துருச்சுங்களா?"

"இல்லம்மா. மோர் வயித்துக்கு நல்லதுதான். ஆனா இந்த நோயை அது நிறுத்தாது."

கெடுதல் என்று சொல்லியிருந்தால்கூட அந்த மோரைத் திட்டித் தீர்த்திருப்பாள். அதற்கும் வழியில்லாமல் வராந்தாவில் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வார்டுக்குள் போனாள்.

"டாக்டரு என்ன சொன்னாரு?" என்றார் குழந்தைவேலு.

"மோரு வயித்துக்கு நல்லதாம்."

அவர் பக்கத்துக் கட்டில்காரரைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொல்லல? பெரிய டாக்டரே சொல்லிட்டாரு" என்றார். அவ்வளவு பெருமை அவர் முகத்தில்.